கடலுக்கு நடுவே ஒரு கோட்டை!
மாகறல் குடும்பம் ஒன்று பார்க்கப் போனால்...

ஊர்காவற்றுறை!

பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. ராமேசுவரம் மீனவர்கள் கைது, நாகை மீனவர்கள் கைது என்று செய்தி வரும். அடுத்த வரியில், அவர்களை ஊர்காவற்றுறை கோர்ட்டில் ஆஜர்படுத்தினார்கள் என்று இருக்கும்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது? எப்படி இருக்கும்? இதை யாரும் கேட்பது இல்லை. கைது, காவல், அபராதம், விடுதலை. நமக்குத் தெரிந்த ஊர்காவற்றுறை இவ்வளவுதான்.

அந்த ஊருக்கு எதிரே, கடலுக்கு நடுவில் ஒரு கோட்டை நிற்கிறது. சுற்றிலும் தண்ணீர். படகில்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதைக் "கடற்கோட்டை" என்கிறார்கள். டச்சுக்காரர்கள் வைத்த பெயர் "ஹம்மன்ஹீல்".

தமிழ்நாட்டில் இருந்து ஒரு சாதாரணக் குடும்பம் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போக முடியுமா?

முடியும். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. கோட்டையின் கதை மட்டும் அல்ல. இரண்டு கரைகளுக்கும் நடுவே ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும் கப்பலின் கதையும் அதில் உண்டு.

மாகறலும் இலங்கையும்

காஞ்சீபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றின் கரையில் இருக்கிறது மாகறல். சிவன் கோவில் உள்ள ஊர். திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம்.

இந்த ஊருக்கும் இலங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு!

மாகறலைப் பாடிய அதே சம்பந்தர்தான் இலங்கையில் உள்ள திருகோணமலையையும் திருக்கேதீசுவரத்தையும் பாடினார். அவர் கடல் தாண்டவில்லை. ராமேசுவரத்துக் கரையில் இருந்தே பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்த நாளிலேயே மாகறலையும் இலங்கையையும் தமிழ் சேர்த்துவிட்டது.

இப்போது மாகறலில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார், தாயார், பள்ளிக்கூடம் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. தகப்பனாருக்கு ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும்?"

கணக்குக்குப் பிறகு வருவோம். போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தானே பணம் செலவழிக்க மனம் வரும்?

பன்றித் தொடையின் குதிகால்

1619-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்தின் கடைசித் தமிழ் மன்னன் சங்கிலி குமாரனைப் போர்ச்சுகீசியர் பிடித்தார்கள். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை கொடுத்தார்கள். யாழ்ப்பாணம் அவர்கள் கைக்கு வந்தது.

பிடித்த நாட்டைக் காக்க வேண்டுமே! கடலில் இருந்து யாழ்ப்பாணத்துக்குள் கப்பல் வரும் வழி ஒன்று உண்டு. ஒரு பக்கம் காரைநகர். மறு பக்கம் ஊர்காவற்றுறை. நடுவே ஒரு கால்வாய்போலக் கடல். அந்தக் கால்வாயில் ஒரு சின்னத் திட்டு. அதன்மேல் கோட்டையைக் கட்டினார்கள். திட்டு முழுவதும் கோட்டைதான். வீட்டுக்கு வாசற்படி எப்படியோ, அப்படி யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கோட்டை.

ஊர்காவற்றுறை என்ற பெயரிலேயே காவல் இருக்கிறது. போர்ச்சுகீசியர் அதைக் "காய்ஸ்" என்றார்கள். அவர்கள் மொழியில் கப்பல்துறை என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது "கேட்ஸ்" ஆயிற்று. இன்றும் இங்கிலீஷில் அந்தப் பெயர்தான்.

அந்தத் துறையில் என்ன ஏற்றினார்கள் தெரியுமா? யானை! வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை நடத்திக்கொண்டு வருவார்கள். அவை கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்த இடத்துக்குத்தான் ஆனையிறவு என்று பெயர். பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு விற்பார்கள். நல்ல லாபம். அந்த வியாபாரத்துக்கும் இந்தக் கோட்டைதான் காவல்.

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இலங்கைத் தீவு உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடைபோலத் தெரிந்ததாம்! அதன் மேல் நுனியில், குதிகால் இருக்கும் இடத்தில் இந்தக் கோட்டை. ஆகவே "தொடையின் குதிகால்" என்று பெயர் வைத்தார்கள். ஹம்மன்ஹீல் என்றால் அதுதான் அர்த்தம். நாட்டை மாங்காய் என்றும் முத்து என்றும் சொல்பவர்கள் உண்டு. சாப்பாட்டு நினைவாகவே வந்தவர்கள் போலிருக்கிறது டச்சுக்காரர்கள்!

தண்ணீரால் தோற்ற கோட்டை

1658-ம் ஆண்டு டச்சுப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்தது.

கோட்டைச் சுவர் பலமானது. உள்ளே போர்ச்சுகீசியச் சிப்பாய்களும் பீரங்கியும் இருந்தன. ஆனால் கோட்டைக்குள் கிணறு இல்லை. கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஏது? வெளியில் இருந்து கொண்டுவந்து சேர்த்துவைத்த தண்ணீரை நம்பித்தான் உயிர். அது தீர்ந்தது. தாகம் தாங்காமல் சரண் அடைந்தார்கள்.

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை!

அதே ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணம் பெரிய கோட்டையும் விழுந்தது. அடுத்த மாதம் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும். அன்று டச்சுக் கப்பல் ஓடிய அதே பாதையில்தான் இன்று பயணிகள் கப்பல் ஓடுகிறது: நாகப்பட்டினம் முதல் யாழ்ப்பாணம் வரை.

பூதத்தம்பி கதை

கோட்டையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு கதை சொல்வார்கள். நாட்டுக்கூத்தாகவும் ஆடுவார்கள்.

டச்சு ஆட்சியில் பூதத்தம்பி என்று ஒரு தமிழ் அதிகாரி இருந்தார். அவர் மனைவி அழகவல்லி. அந்திராசி என்ற இன்னோர் அதிகாரி அவள்மேல் கெட்ட எண்ணம் கொண்டான். அவள் அவனை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டாள். அவன் பழி வாங்கக் காத்திருந்தான்.

ஒரு நாள், "ஊர்காவற்றுறைக் கோட்டை வேலைக்கு மரம் வேண்டும். உத்தரவு எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று வெறும் காகிதத்தை நீட்டினான். பூதத்தம்பி நம்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் அந்திராசி, டச்சுக்காரரைக் காட்டிக்கொடுக்கும் கடிதமாக எழுதி மேலிடத்தில் கொடுத்துவிட்டான். விசாரணை பெயருக்கு நடந்தது. பூதத்தம்பியின் தலை போயிற்று.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது வேறு விஷயம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தக் கதை போதும்.

அன்று கைதி, இன்று ஜனாதிபதி கட்சி

1795-ம் ஆண்டில் டச்சுக்காரரிடம் இருந்து இங்கிலீஷ்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். யுத்தக் கோட்டை பிறகு சிறைச்சாலை ஆனது. தப்பி ஓட முடியாத சிறை. நாலு பக்கமும் கடல்தான் காவல்காரன்.

1971-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கை அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்கள வாலிபர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அவர்கள் கட்சிக்குப் பெயர் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் பலரை இந்தக் கோட்டையில் அடைத்தார்கள்.

காலம் எப்படிச் சுழல்கிறது பாருங்கள்! 2024-ம் ஆண்டு செப்டம்பரில் அதே ஜே.வி.பி.யின் தலைவர் அனுர குமார திசநாயக்கா தேர்தலில் வென்று இலங்கையின் ஜனாதிபதி ஆனார். அந்தக் கட்சிக்காரர்களை ஒரு காலத்தில் அடைத்துவைத்த கோட்டை இன்று அவருடைய கடற்படையின் கையில் இருக்கிறது.

கடற்படை அதை என்ன செய்கிறது? ஹோட்டல் நடத்துகிறது! போர் முடிந்த பிறகு கோட்டையைப் பழுது பார்த்து, கைதிகள் இருந்த அறைகளை விருந்தினர் அறைகளாக மாற்றினார்கள். காரைநகர்க் கரையில் இருந்து கடற்படைப் படகிலேயே அழைத்துப் போகிறார்கள். சில நிமிடப் பயணம்.

இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. இடிந்து கிடந்ததைச் சீர்செய்து காப்பாற்றுகிறார்களே என்பது ஒன்று. போர் முடிந்தது 2009-ம் ஆண்டில். பொதுமக்கள் பார்க்க வேண்டிய கோட்டை இன்னும் ராணுவத்தின் கையில் ஏன் என்பது மற்றொன்று. வடக்கில் ராணுவம் ஹோட்டலும் வியாபாரமும் நடத்துவதை யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பல காலமாகக் கண்டித்து வருகிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் நுழையக்கூடிய காட்சிசாலையாக இருந்தால் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கலாம். ஹோட்டல் என்றால் பணம் உள்ளவர்தானே தங்க முடியும்?

நின்று நின்று ஓடும் கப்பல்

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். ரெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரெயில். 1914-ம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்தபோது வந்த வசதி இது. "போட் மெயில்" என்று பெயர். தாத்தாக்களுக்கு நினைவு இருக்கும்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேசுவரத்தில் இருந்து கப்பல் ஓடியது. 1980-களில் இனக் கலவரமும் போரும் அதையும் நிறுத்திவிட்டன.

2011-ம் ஆண்டில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் நின்றுவிட்டது.

2023-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. கப்பல் பெயர் "செரியபாணி". பிரதமர் தொடங்கிவைத்தார். இரண்டு கரையிலும் மாலை, மேளம்! ஒரே வாரம். அக்டோபர் 20-ந் தேதி நின்றது.

ஏன்? மழைக்காலம் என்றார்கள். அது உண்மை. ஆனால் கட்டணமும் ஒரு காரணம். ஒருவருக்கு ஒரு வழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய் என்று வைத்தார்கள். மாகறல் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கும் முழு டிக்கெட் என்றால் போக 30,680 ரூபாய். வர இன்னொரு 30,680. மொத்தம் 61,360 ரூபாய்! உழவு செய்து பிழைக்கும் குடும்பம் அதைக் கொடுக்குமா? முதல் நாள் சலுகைக் கட்டணத்தில் கூட்டம் வந்தது. மறுநாள் முதல் ஆள் இல்லை.

2024 ஆகஸ்டு 16-ந் தேதி "சிவகங்கை" என்ற கப்பலுடன் மறுபடி தொடங்கினார்கள். கட்டணத்தைக் குறைத்தார்கள். மழைக்காலத்தில் நிறுத்தி, 2025 பிப்ரவரி 22-ந் தேதி மீண்டும் விட்டார்கள். கப்பல் செலவில் ஒரு பங்கை இந்திய அரசாங்கம் ஏற்க முன்வந்தது.

அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பயணிகள் குறைவு, அதனால் கட்டணம் அதிகம். கட்டணம் அதிகம், அதனால் பயணிகள் குறைவு. இந்தச் சுழலை முதலில் யாராவது உடைக்க வேண்டும். கிராமத்துக்குப் புதிதாக டவுன் பஸ் விட்டால் முதல் நாளே லாபம் வருமா? ஓடுகிற பஸ் நாளைக்கும் ஓடும் என்ற நம்பிக்கை வந்தால்தான் ஜனங்கள் அதை எதிர்பார்த்துக் காரியம் வைத்துக்கொள்வார்கள். கப்பலுக்கும் அதுதான். எப்போது நிற்குமோ என்று பயந்தால் யார் பிள்ளை குட்டியோடு டிக்கெட் வாங்குவார்கள்?

இதற்கு நடுவில் மீனவர் பிரச்சினை. 2024-ம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. நம் மீனவர்கள், "தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த கடல்" என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மீனவர்களோ, "உங்கள் இழுவைமடிப் படகுகள் எங்கள் கடலை வாரிக்கொண்டு போகின்றன" என்கிறார்கள். அவர்களும் தமிழர்கள்தான், போரில் வலையும் படகும் வீடும் இழந்தவர்கள். இழுவைமடியை 2017-ம் ஆண்டில் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்தது. 2025 செப்டம்பர் 1-ந் தேதி ஜனாதிபதி திசநாயக்கா கச்சத்தீவுக்கே போய் நின்றார். 1974 ஒப்பந்தப்படி இலங்கைக்குப் போன தீவு அது. அங்கே நின்று அவர் சொல்ல விரும்பியது எல்லோருக்கும் புரிந்தது.

இந்த நிலையில் ஒரு பயணிகள் கப்பல் பெரிய காரியத்தைச் செய்யும். ஊர்காவற்றுறையைக் கோர்ட்டு வழியாக மட்டும் அறிந்த நமக்கு, அங்கே பள்ளிக்கூடமும் சந்தையும் வலை உலர்த்தும் கரையும் உண்டு என்று காட்டும்.

கப்பலா? விமானமா?

இனி மாகறல் தகப்பனாரின் கணக்கு.

முதலில் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய். நாலு பேருக்கு 5,000 ரூபாய். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி உண்டு. போலீஸ் விசாரணை முடிந்து வீட்டுக்குத் தபாலில் வரும். தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

அடுத்து இலங்கை அனுமதி. இதற்கான விதியும் கட்டணமும் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகின்றன. போன வருஷம் போய் வந்தவர் சொன்னதை நம்பிப் புறப்படக் கூடாது. டிக்கெட் வாங்கும் வாரத்தில் இலங்கை அரசாங்கத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

பிறகு வழி. நாகப்பட்டினம் மாகறலில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு பஸ் பிடித்தால் விடியற்காலையில் போய்ச் சேரலாம். அங்கிருந்து கப்பலில் சுமார் நாலு மணி நேரம். விமானம் என்றால் சென்னை மீனம்பாக்கம்; 75 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். 2019-ல் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்த விமானப் பாதை இது.

காஞ்சீபுரத்துக்காரருக்கு விமானமே பக்கம். இரண்டு கட்டணத்தையும் ஒரே நாளில் விசாரித்துப் பார்க்க வேண்டும். சில நாட்களில் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகும் அனுபவம் பிள்ளைகளுக்கு விமானத்தில் கிடைக்காது. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது? அரைப் பரீட்சை லீவில் வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கப்பல் நிற்கும் காலம் அது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியதை மறக்கக் கூடாது. மாசி, பங்குனி, சித்திரை நல்லது. முழுப் பரீட்சை முடிந்ததும் புறப்படலாம்.

காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாணம் நகரம் 20 கிலோமீட்டருக்குள். பஸ் பலகை தமிழில் இருக்கும். பேச்சும் தமிழ்தான். அங்கே பேசுவதைக் "கதைப்பது" என்பார்கள். கதைக்கலாமா என்று கேட்டால் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க வேண்டும்!

நகரத்தில் டச்சுக் கோட்டை, நல்லூர் கந்தசாமி கோவில் இரண்டையும் பார்க்கலாம். 1981-ம் ஆண்டில் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த நூலகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். 97,000 புத்தகங்கள் அன்று சாம்பலாயின.

அங்கிருந்து காரைநகருக்குக் கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பஸ் போகும். கடற்கோட்டைக்குப் படகு உண்டா, வெளிநாட்டாரை அன்று விடுவார்களா, என்ன கட்டணம் என்பதை முதல் நாளே கடற்படை ஹோட்டலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடற்படை முகாம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கண்ட இடத்தில் போட்டோ எடுக்கக் கூடாது.

படகில் ஏறுமுன் மிதவைச் சட்டை கேளுங்கள். கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். சில நிமிடம்தானே என்று எண்ண வேண்டாம். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதுவும் குடும்பத்தோடு போன கூட்டம்தான்.

குடிக்கத் தண்ணீரும் எடுத்துப் போங்கள். போர்ச்சுகீசியர் பட்ட பாடு தெரியுமே!

பாஸ்போர்ட் எடுக்கப் பணம் இல்லையா? அப்போதும் வழி உண்டு. கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கடற்கரை ஓரமாக அதே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. மாகறலில் இருந்து காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டால் பொழுது சாய வீடு திரும்பலாம். உள்ளே சித்திர வேலை செய்த டச்சுக் கல்லறைகள் உண்டு. நம் பக்கத்துத் துணியைக் கப்பலில் ஏற்றிய இடம் அது.

இலங்கை போயும் கடற்கோட்டைக்கு அன்று அனுமதி கிடைக்காவிட்டால் ஏமாந்து திரும்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஊர்காவற்றுறைக்கும் பஸ் உண்டு. கடைத்தெருவைத் தாண்டிக் கரைக்குப் போனால், எதிரே தண்ணீருக்கு நடுவில் கோட்டை தெரியும்.